சாமி வழியில் முளைத்த முள்

என் பேத்திக்குத் தையலம்மாளின் மூக்கு. நுனி கொஞ்சம் மேலே தூக்கினாற்போல இருக்கும். மற்றதெல்லாம் எங்கள் பக்கத்துச் சாயல் என்று என் மனைவி விசாலாட்சி சொல்கிறாள். நானும் அதையேதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பால் குடித்து முடித்து அவள் கொட்டாவி விடுவதைப் பார்க்க எங்கள் ஊர் உறுவையாறு முழுவதையும் கூட்டி வரலாம் போலிருக்கிறது.

தையலம்மாள் என் சம்பந்தி. என் மகள் சுலோசனாவின் மாமியார். அவளுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று கடல், இன்னொன்று அம்மன். அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

பாகூருக்குக் கிழக்கே, ஆறு கடலில் விழுகிற இடத்தில் புன்னைத்திட்டு இருக்கிறது. முன்னால் கடல், மற்ற மூன்று பக்கமும் உப்பங்கழி. கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். மழைக்காலத்தில் படகில்லாமல் முடியாது. பெயரில்தான் புன்னை. நான் முதலில் போனபோது அங்கே ஒரு புன்னைமரம்கூட இல்லை. கொஞ்சம் குடும்பங்கள் தென்னை, கேழ்வரகு, வேர்க்கடலை என்று மணலில் பாடுபட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மணல்மேடு. அந்த மேட்டைப் பிடித்து வைத்திருந்தது ராவணன் மீசை என்கிற முள்ளுப்புல். அதன் இலை ஒவ்வொன்றும் ஊசி. மிதித்தால் குதிகாலில் ஏறி உள்ளேயே முறிந்துகொள்ளும். அதன் சந்தில் அடப்பங்கொடி ஊதாப்பூ பூத்துக்கொண்டு ஓடும்.

மாசி மகத்துக்கு, கழிக்கு அந்தக் கரையில் இருக்கிற கரையூரின் முத்துமாரியம்மன் கழியைத் தாண்டித் திட்டுக்கு வந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் கடலாடிவிட்டுப் போகும். சப்பரம் தூக்குகிறவர்கள் செருப்பில்லாமல் வருவார்கள். அவர்கள் காலில் முள் ஏறக் கூடாது என்று திட்டுக்காரர்கள் மகத்துக்கு முன்னால் மேட்டின் நடுவில் புல்லை வேரோடு பிடுங்கி, மணலை வாரி, நேராக ஒரு வழி போடுவார்கள். சாமிக்குச் செய்கிற வேலை என்று வீட்டுக்கு ஒருவர் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். முதலில் அது நாலு பேர் போகிற வழிதான். பிறகு பெரிய சப்பரம் வந்தது, பக்கத்துக்கு ஒரு வரிசை லைட்டு வந்தது. வழியும் அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் வீட்டு வாசலில் நின்றால் அதன் வழியாகக் கடல் தெரிந்தது. எல்லோருக்கும் அது அழகாக இருந்தது. தையலம்மாளின் வீடு அதற்கு நேர் எதிரே.

ஒரு கார்த்திகைப் புயலில் கடல் அந்த வழியாக உள்ளே வந்தது. அவள் புருஷன் தெய்வசிகாமணி கட்டிப்போட்ட பசுவை அவிழ்க்க ஓடினார். பசு நீந்திக் கழிக்கரை சேர்ந்தது. அவர் சேரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "சாமி போற வழியில மாட்ட கட்டலாமா? அம்மா கூட்டிக்கினா." தையலம்மாளுக்கு அன்றிலிருந்து அந்த மணல்வழியைப் பார்த்தாலே பயம். அதில் வந்தது கடலா, அம்மனா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. முள் இருந்த இடத்தில் மேடு அப்படியே நின்றது. முள்ளைப் பிடுங்கிய இடத்தில்தான் தண்ணீர் வந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் அவள் வேலையை ஆரம்பித்தாள். வழியின் இரண்டு ஓரத்திலும் தென்னங்கீற்றைக் குத்தி நட்டாள். காற்றில் ஓடுகிற மணல் கீற்றில் மோதி அங்கேயே குவியும். அந்தக் குவியலில் ராவணன் மீசையின் ஓடுகொடியைக் கணுவோடு வெட்டி, சாய்த்துப் புதைத்தாள். அடப்பங்கொடியை இரண்டு இலை வெளியில் தெரிகிற மாதிரி மண்ணுக்குள் விட்டாள். ஒவ்வொரு துண்டைப் புதைக்கும்போதும், "தாயே, கோச்சிக்காத" என்று கரையூர்ப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வாள். ஒரு கையால் நட்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பொம்பளை என்று திட்டில் சிரித்தார்கள்.

மாசியில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். அவள் மறுபடி நட்டாள். அடுத்த மாசியில் பெரிய சண்டையே வந்துவிட்டது. கரையூர்க் கோயில் பெரியவர் ஏகநாதன் கழியைத் தாண்டி வந்தார்.

"இன்னா தையலு, அம்மனுக்கே முள்ளு வேலி போடுறியா?"

"கடலுக்குத்தான் போடுறன் சாமி. அம்மனுக்குப் போடுவனா?"

"ரெண்டும் வர வழி ஒண்ணுதானே? எப்பிடிப் பிரிச்சி வுடுவ? டிக்கெட்டு கிழிச்சா?"

கூட்டம் சிரித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப அம்மாவையே கேட்டுடுங்க" என்றாள்.

பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை அரளி ஒரு வெற்றிலையில், செவ்வரளி ஒரு வெற்றிலையில் மடித்துக் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒரு பெண் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் வழியில் நடலாம். சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது.

அன்றைக்கு அவளே முதல் ஆளாக உட்கார்ந்து, தான் நட்டதையெல்லாம் பிடுங்கினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அதற்கு அப்புறம் அந்த வழியில் அவள் ஒரு கொடிகூட நடவில்லை.

அந்த வருஷமே கரையூர்க் கோயிலில் திருப்பணி ஆரம்பித்தார்கள். கும்பாபிஷேகம் ஆகிற வரைக்கும் சாமி வெளியில் புறப்படாது. வேலை இழுத்துக்கொண்டே போய் நாலைந்து மாசி தாண்டிவிட்டது. வழியைச் சுத்தம் செய்ய யாரும் வரவில்லை. யாரும் நடாமலேயே வழியின் நடுவில் ராவணன் மீசை முளைக்க ஆரம்பித்தது. மணலை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு ஒரு புது மேடே வந்துவிட்டது. அடப்பங்கொடி மேலே ஏறிப் படர்ந்தது. தானாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மன் செயல் என்றுகூட ஒருவர் சொன்னார். அதைக் கேட்டால் தையலம்மாள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இதற்கு நடுவில்தான் என் மகளை அவள் மகன் தணிகைவேலுக்குக் கொடுத்தேன். பையனுக்குப் புதுச்சேரியில் மில் வேலை. மாமியார் நல்ல மாதிரி. தண்ணீருக்கு நடுவில் வீடு இருப்பதுதான் எனக்கு இடித்தது. "அப்பா, அத்தகிட்ட எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா காத்து அடிச்சா அவங்க கைய கைய பெசையறாங்க, பாக்கவே பயமா இருக்குது" என்று சுலோசனா சொல்வாள்.

போன ஆவணியில் கும்பாபிஷேகம் ஆனது. வருகிற மாசிக்குச் சாமி புறப்பாடு உண்டு என்று சொல்லிவிட்டார்கள். சுலோசனாவும் முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் வளைகாப்புப் போட்டு அவளை உறுவையாற்றுக்கு அழைத்து வரத் திட்டுக்குப் போனேன். விசாலாட்சிக்குக் காய்ச்சல், அதனால் நான் மட்டும்தான். திட்டுப் பெண்கள் வளையல் அடுக்கினார்கள். புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் கிளம்புவதாகப் பேச்சு.

காலையில் விடிந்த மாதிரியே தெரியவில்லை. வானம் ஈயம் பூசினாற்போல இருந்தது. படகோட்டி சிங்காரவேலு வாசலில் வந்து நின்றான். வேட்டி நனைந்து தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, படகு எடுக்க முடியாது. கழி கொதிக்குது."

"சும்மா பயமுறுத்தாதடா. மாசமா இருக்குற பொண்ணு, மெதுவா ஓரமா..."

"ஓரம் எங்க இருக்குது? நேத்து பாத்த ஓரமெல்லாம் தண்ணிக்குள்ள. வேணும்னா நீங்க இறங்கி நடந்து பாருங்க, நான் கரையில நின்னு உங்களுக்கு வழி சொல்றன்."

மேற்கே போனால் கழி, கிழக்கே போனால் கடல். மில்லுக்குப் போன தணிகைவேல் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டான். திட்டுக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக் கட்டினார்கள். நாங்கள் மூன்று பேரும் தையலம்மாள் வீட்டில் இருந்தோம். சுலோசனா கை நிறைய வளையலோடு சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவள் நடுங்கும்போதெல்லாம் அந்த வளையல்கள் சத்தம் போட்டன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

காற்று ஏற ஏற மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் மோதுகிற சத்தம் தரை வழியாக உள்ளங்காலில் தெரிந்தது. வயலில் வேலை செய்கிறவன் நான். ஏரி உடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஏரித் தண்ணீர் வந்தால் எந்த வரப்பில் ஏறலாம் என்று தெரியும். இங்கே ஏற எதுவும் இல்லை. கதவு இடுக்கில் கண் வைத்துப் பார்த்தேன். மேட்டுக்கு மேலே வெள்ளையாக நுரை எழும்பி விழுந்தது.

தையலம்மாள் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"சம்மந்தி, நான் அம்மாள ஏமாத்திட்டன்."

"இன்னா சொல்றீங்க?"

"அந்த முள்ளு தானா வரல. வழியில நடக்கூடாதுன்னு பூவு வந்துச்சா? நான் நடல. சத்தியமா வழிக்குள்ள கால வெக்கல. ராவணன் மீசைக்கு உருண்டையா காய் வரும். காத்துல சக்கரமாட்டம் உருண்டு ஓடும். அதப் பொறுக்கி, தெக்குக் காத்து அடிக்கிறப்ப வழிக்கு வெளிய வெச்சன். அது உள்ள ஓடிப்போயிச்சு. வருஷா வருஷம் வெச்சன்."

அவள் உதடு வெளுத்திருந்தது. "சிவப்பு காட்டினவள நான் குறுக்கு வழியில மறிச்சிட்டன். அதான் வரா. வழி இல்லன்னு மோதறா. அன்னிக்கு அவர எடுத்துக்கினா. இன்னிக்கு..." சுலோசனாவின் வயிற்றைப் பார்த்தாள். மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்து ஓடிவிட்டாள்.

நான் பின்னால் ஓடினேன். மழை ஊசி மாதிரி முகத்தில் குத்தியது, கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் அந்தப் புது மேட்டின் மேல் ஏறி நின்று ராவணன் மீசையை வேரோடு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். "வா தாயே, வழி வுட்டுட்டன், வா!" என்று கத்தினாள். அவளுக்கு முன்னால் கடல் சுவராக எழும்பி வந்தது. மண்வெட்டியைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. எனக்கு என் உயிர்ப் பயம். என் மகளை நினைத்தும் பயம். அவளை இழுக்கிறேனா, அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. சுலோசனா. வயிற்றை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மேட்டடியில் நின்றாள்.

"அத்தே! எறங்குங்க!"

"நீ ஏன்டி வந்த? போடி உள்ள! அம்மா வரா!"

"அம்மனா இருந்தா முள்ளு இன்னா அத்த பண்ணும்? அவளுக்கு இந்த முள்ளு ஒரு பெரிசா? முள்ளுக்கு நிக்கிறது தண்ணிதான். நீங்க தொறந்து வுட்டா தண்ணிதான் வரும். வந்தா மொதல்ல எங்க ரெண்டு பேரைத்தான் எடுக்கும்!"

தையலம்மாளின் கை நின்றது. அடுத்த அலை மேட்டில் அடித்தது. நாங்கள் மூவரும் குப்புற விழுந்து அந்த முள்ளையே கையில் பிடித்துக்கொண்டோம். தண்ணீர் எங்கள் மேல் ஏறி வழிந்தது. அவள் வெட்டிய பள்ளத்தின் வழியாக மட்டும் ஒரு ஓடை பிய்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் பாய்ந்தது. மற்ற இடத்தில் மேடு அசைந்தது, சரிந்தது, ஆனால் நின்றது. தையலம்மாள் எழுந்து, பிடுங்கிப் போட்ட புல்லையும் கொடியையும் அந்தப் பள்ளத்தில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் விழுந்து கிடந்த தென்னங்கீற்றை இழுத்துப் போட்டு மிதித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிற்பகலில் காற்று தெற்கே திரும்பியது. கடல் இறங்கியது.

போய்ப் பார்த்தோம். மேட்டின் கடல் பக்கம் கத்தியால் அறுத்த மாதிரி பாதி போயிருந்தது. அறுந்த இடத்தில் ராவணன் மீசையின் வேர்கள் கயிறு கயிறாகத் தொங்கின. அந்தக் கயிறுகள்தான் மீதிப் பாதியைப் பிடித்திருந்தன. அவள் வெட்டிய இடத்திலிருந்து ஒரு வாய்க்கால் வீட்டு வாசற்படி வரை வந்திருந்தது. படியில் நுரை இன்னும் காயவில்லை. தையலம்மாள் அந்த வாய்க்காலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். என் மகளின் கையைப் பிடித்து அதில் ஏறியிருந்த முட்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

தையில் உறுவையாற்றில் பேத்தி பிறந்தாள். பார்க்க வந்த தையலம்மாள் குழந்தையைத் தூக்கினாள், முகர்ந்தாள், உடனே கீழே வைத்துவிட்டாள். "மாசி முடியட்டும்" என்றாள். சாமிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பேத்தியைக் கொஞ்சக்கூட அவளுக்குப் பயம்.

மகத்துக்கு முன்னால் ஏகநாதன் ஆட்களோடு வழி போட வந்தார். பெண்ணுக்கு வளைகாப்புப் போட்டு அழைத்துவந்தவன், இந்தச் சண்டைக்கும் போய் நிற்க வேண்டும் என்று நானும் போயிருந்தேன். கூடவே பேத்தி பிறந்ததைக் கரையூரில் கேள்விப்படாதவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிட்டு வரலாம்.

தையலம்மாள் வழியில் நின்றாள். "இது தானா வரல, சாமி. உருட்டி வுட்டது நான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். யாரும் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். பிறகு வாசற்படி வரை போன அந்த வாய்க்காலைக் காட்டினாள். "நான் ஒரு கை தோண்டினதுக்கு இவ்ளோ வந்துச்சு. நீங்க மொத்தமா தோண்டப் போறீங்க."

ஏகநாதன் முகம் கறுத்துவிட்டது. "பூவு சிவப்பு வந்துச்சே. அம்மா வாக்குக்கு இன்னா மரியாத?"

"வழியில முள்ளு கூடாது, தூக்குறவங்க காலுல ஏறக்கூடாது. அதானே?" என்றேன். "எங்க வூட்ல சம்பா அறுத்து முடிச்சாச்சு. ரெண்டு வண்டி வைக்கோலு கொண்டாரன். முள்ளு மேல கனமா பரப்பிடலாம். சப்பரம் அதுமேல போவட்டும்."

"வைக்கோலு மேலயா? அம்மா இன்னா மாடாய்யா?"

"அம்மாவுக்குப் பொங்கற நெல்லும் அந்த வைக்கோல்லதான்ங்க இருந்துச்சு."

சப்பரம் தூக்குகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஏகநாதன் கடலைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். "சரி. ஆனா ஒரே ஒருத்தன் காலுல முள்ளு ஏறினாலும் அது அம்மா சொல்ற பதிலு. அப்பறம் வேரோட எடுக்கணும். யாரும் பேசக்கூடாது."

தையலம்மாள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்ய முடியும்.

வைக்கோலை வண்டியில் கழி வரைக்கும் கொண்டுவந்து, தலைச்சுமையாகத் தண்ணீரில் நடந்து திட்டில் சேர்த்தோம். முழங்கால் கனத்துக்குப் பரப்பினோம். அவள் அதன் மேல் வெறுங்காலில் போய்ப் போய் வந்தாள். எங்கே சுருக்கென்றதோ அங்கே இன்னொரு கட்டு போட்டாள்.

மகத்தன்று மேளம் கழியைத் தாண்டி வந்தது. சப்பரம் வைக்கோலில் ஏறியது. தையலம்மாள் என் பக்கத்தில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முன்னால் இடது பக்கம் தோள் கொடுத்திருந்தவன் சிங்காரவேலு. மேட்டின் உச்சியில் அவன் கால் ஒரு நொடி நின்றது. பின்னால் வந்தவன், "இன்னாடா?" என்று கேட்டான். சிங்காரவேலு காலை ஊன்றி நடந்தான். அம்மன் கடலுக்கு இறங்கியது.

தீர்த்தவாரி முடிந்து சாமி திரும்பிப் போன பிறகு, சிங்காரவேலு கழிக்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து குதிகாலைத் திருப்பிப் பார்த்தான். உள்ளே கறுப்பாக ஒன்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தால் நெம்பி எடுத்தான். ரத்தம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஏகநாதன் அந்தப் பக்கம் வந்தார்.

"இன்னாடா அது?"

சிங்காரவேலு கையிலிருந்ததைத் தண்ணீரில் போட்டான். "வைக்கோல் குச்சிங்க. உறுவையாத்து வைக்கோலு, சனியன், மொரடு."

ஏகநாதன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கழியில் இறங்கினார்.

திட்டுக்காரர்கள் இப்போது அந்தப் பள்ளத்தில் தாழங்கிளை வைக்கிறார்கள். பின்பக்கம் புன்னைக் கன்று ஊன்றியிருக்கிறார்கள். அந்தக் குச்சி விஷயத்தை நான் தையலம்மாளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் இப்போது உறுவையாற்றில் நானும் கையைப் பிசைகிறேன்.

மகத்தன்று இரவே என்னோடு உறுவையாற்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பேத்தியை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள் தையலம்மாள். ஒரே மூக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

"சம்மந்தி, நான் கண்ண மூடிக்கினன். மேட்டு மேல ஏறறப்ப அம்மா மொகம் எப்பிடி இருந்துச்சு?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.